யாருடைய மனசாட்சி?

அமெரிக்காவின் மூன்றாம் அதிபர் தாமஸ் ஜெஃபர்சன், 1820 வாக்கில் பைபிளைக் கத்தியால் வெட்டினார். அற்புதங்களையும் உயிர்த்தெழுதலையும் பகுத்தறிவுக்கு ஒவ்வாதவை என ஒதுக்கி, இயேசுவின் அறபோதனைகளை மட்டும் ஒட்டித் தனக்கென ஒரு நூல் செய்துகொண்டார். நம்பிக்கை விஷயத்தில் யாரையும் வற்புறுத்தக் கூடாது என்று சொல்லும் வர்ஜீனியாவின் மதச் சுதந்திரச் சட்டத்தை (1786) எழுதியவரும் அவரே.

இந்தத் துணிச்சல் மதிக்கத்தக்கது. ஆனால் வர்ஜீனியாவில் இருந்த அவரது மாண்டிசெல்லோ வீட்டில், அவர் அறையையும் துணிகளையும் பராமரித்தவர் சாலி ஹெமிங்ஸ். சட்டப்படி ஜெஃபர்சனின் உடைமை. சாலியின் ஆறு பிள்ளைகளுக்கும் தந்தை ஜெஃபர்சன்தான் என்று இன்று பெரும்பாலான வரலாற்றாளர்கள் ஏற்கிறார்கள். 1789இல் பாரிஸில் இருந்தபோது பதின்வயதுச் சாலி விடுதலை கோரியிருக்கலாம். பிறக்கப்போகும் பிள்ளைகளை விடுவிப்பதாக வாக்குப் பெற்றே அம்மா திரும்பிவந்தார் என்று மகன் மேடிசன் 1873இல் சொன்னார்.

இதைக் காதல் என்பவர்கள் உண்டு. மறுக்கும் உரிமையே இல்லாதவளின் சம்மதத்துக்கு என்ன பொருள்?

அடிமைமுறை அநீதி என்பது ஜெஃபர்சனுக்குத் தெரியும். கடவுளின் நீதிக்கு அஞ்சி எழுதியும் இருக்கிறார். ஆனாலும் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தார். 1826இல் அவர் இறந்தபோது உயில் விடுவித்தது ஐந்து ஆண்களை. அதில் இரண்டு மகன்கள் உண்டு. சாலியின் பெயர் இல்லை.

மனத்தை வற்புறுத்துவது பாவமென்றால், உடலை வற்புறுத்துவது எப்படிப் பாவமில்லாமல் போகும்? ஒருவரின் நம்பிக்கையை அளக்க, அவர் எழுதிய சட்டத்தோடு அவர் வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையையும் நாம் படிக்க வேண்டும்.