மைசூரின் அக்டோபர்

எதையாவது புதிதாகத் தொடங்க ஜனவரி 1-ஐவிட விஜயதசமிதான் தோது என்பது என் கட்சி. புத்தாண்டன்று தூக்கக் கலக்கம்தான் மிஞ்சும். புரட்டாசிக் கடைசியோ ஐப்பசித் தொடக்கமோ அப்படியில்லை. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, மைசூர் வெயிலுக்கே ஓர் இதம் வந்திருக்கும்.

ஆயுத பூஜையன்று அந்த ஊர்த் தெருவில் நடந்து பாருங்கள். பழைய ஆட்டோகூடக் குளித்து, வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலையோடு நிற்கும். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், முன்னால் உடைத்த பூசணிக்காய். வண்டி அதேதான், கடன் தவணையும் அதேதான். ஆனாலும் ஓட்டுநர் வண்டியைக் கிளப்பும் தோரணையே வேறு.

நாள்காட்டியில் இப்படி ஒரு கோடு விழுந்தால் மனம் பழைய கணக்கை மூடிவிடுகிறது என்று 2014-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர் எழுதினார்கள். வாரமோ மாதமோ பிறந்த கையோடு உடற்பயிற்சிக் கூடத்தில் கூட்டம் கூடுகிறதாம். விஜயதசமியன்று பேரன் விரலைப் பிடித்து அரிசியில் எழுதவைக்கும் பாட்டிகளுக்கு இது செய்தியே அல்ல.

ஆனால் புதிய தொடக்கத்துக்கு முன்னால் தயாரிப்பும் வேண்டும்; அதில் எனக்குப் பிடித்தது யானைகளின் கணக்கு. விஜயதசமியன்று மைசூர் தசரா ஊர்வலத்தில் சுமார் 750 கிலோ எடையுள்ள தங்க அம்பாரியைச் சுமக்கும் யானை, இரண்டு மாதம் முன்னதாகவே காட்டு முகாமிலிருந்து மைசூருக்கு வந்துவிடும். எடை பார்ப்பார்கள். முதுகில் மணல் மூட்டை ஏற்றி, போகப் போகப் பாரத்தைக் கூட்டி, அரண்மனையிலிருந்து ஊர்வலம் முடியும் பன்னிமண்டபம்வரை நடத்துவார்கள். பீரங்கிச் சத்தத்துக்குப் பழக்குவதும் விழாவுக்கு முன்பே முடிந்திருக்கும்.