கல்லட்டி இறக்கமும் பழைய காரும்

1983 டிசம்பரில் வீதிக்கு வந்து 2014-இல் உற்பத்தி நின்றுபோன மாருதி 800, உதகையிலும் குன்னூரிலும் இன்னும் சிலருக்கு நித்திய வாகனமாக விளங்குகிறது. அதைப் பழைய வண்டியாக வாங்குகிறவர்கள் பாட்டுப் பெட்டிக்கும் பளபளக்கும் வீல் கப்புக்குமே முதலில் திரவியத்தைச் செலவிடுவது எனக்கு விநோதமாகப் படுகிறது. 36 கொண்டை ஊசி வளைவுகளுள்ள கல்லட்டிச் சாலையில் இறங்குகையில், ஓயாமல் மிதிபட்டு பிரேக் சூடேற, காற்றின் ஈரத்தை ஆண்டுக்கணக்கில் உறிஞ்சிக் கஷாயம்போல் கறுத்துவிட்ட பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகுமாயின், பெடல் தரையைத் தொட்டாலும் வண்டி நில்லாது. இரண்டாண்டுக்கொரு முறை அந்த ஆயிலை மாற்றி, இரண்டாம் கியரிலேயே இறங்கப் பழகி, மூடுபனிக்கென்று மஞ்சள் விளக்கு இரண்டைத் தாழ்வாகப் பொருத்திய பின்னர், மீதமிருக்கும் பணத்தில் பாட்டுப் பெட்டியைத் தாராளமாக வாங்கலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை.