போதையும் பொறுப்பும்

குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஒருவரைக் கொன்றவன், அந்த நேரத்தில் தன் நினைவில் இல்லை என்றால், அந்தச் சாவுக்குப் பொறுப்பாளியா? அறிந்து செய்வதே குற்றம் என்று கொண்டால் அவனை விட்டுவிட வேண்டிவரும். சமயமும் சட்டமும் அதற்கு உடன்படுவதில்லை.

பண்டைய கிரேக்கத்தில், லெஸ்போஸ் தீவின் மிட்டிலீன் நகரை ஆண்ட பிட்டக்கஸ், குடிபோதையில் குற்றம் செய்தவனுக்குக் கூடுதல் தண்டனை விதித்தார். இத்தகைய தண்டனைக்கு அரிஸ்டாட்டில் தரும் காரணம் எளியது: அந்த அறியாமையை அவனே வரவழைத்துக்கொண்டான், குடிக்காமல் இருப்பது அவன் கையில்தான் இருந்தது. எனவே வண்டி மோதிய கணத்தோடு விசாரணை நின்றுவிடக் கூடாது. முதல் கோப்பையை எடுத்த கணம் வரை அது பின்னோக்கிப் போக வேண்டும்.

பௌத்தத்தின் ஐந்து சீலங்களில் முதல் நான்கும் கொலை, களவு, பிறழ்ந்த காமம், பொய் ஆகியவற்றை விலக்கச் சொல்கின்றன. ஐந்தாவதான கள்ளுண்ணாமை வேறு வகை. யாருக்கும் தீங்கு நேராவிட்டாலும் குடிப்பது மீறலே. ஏனெனில் அது விழிப்பைக் குலைக்கிறது. விழிப்பு போனபின் மற்ற நான்குக்கும் காவல் இல்லை.

இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவும் இந்த ஐந்தாம் சீலத்தின் இனமே. 100 மி.லி. ரத்தத்தில் ஆல்கஹால் 30 மி.கி.யைத் தாண்டினால் போதும். விபத்து நடந்திருக்க வேண்டியதில்லை. முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். நிதானமாகத்தான் ஓட்டினேன் என்ற வாதம் எடுபடாது. நிதானத்தை எடைபோடும் அறிவைத்தான் மது முதலில் மழுங்கடிக்கிறது.

உயிர் போய்விட்டால் கேள்வி கடினமாகிறது. தெரியாமலோ விருப்பத்துக்கு மாறாகவோ போதை ஊட்டப்பட்டு, செய்வதறியா நிலைக்குப் போனவனுக்கே, இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 23ஆம் பிரிவு விலக்கு தருகிறது. தானே குடித்தவனுக்கு, தெளிந்தவனுக்குள்ள அறிவு இருந்ததாகவே 24ஆம் பிரிவு கொள்கிறது. அறிவை இப்படி ஏற்றிச் சொல்லும் சட்டம், கொல்லும் நோக்கத்தை அதேபோல் ஏற்றிவிடுவதில்லை. நுட்பமான, நேர்மையான கோடு இது. மும்பை பாந்த்ராவில் 2006இல் நடைபாதையில் உறங்கிய தொழிலாளர்கள்மேல், குடித்திருந்தவர் ஓட்டிய கார் ஏறி 7 பேர் இறந்தனர். அது வெறும் கவனக்குறைவு அல்ல, சாவு நேரலாம் என்று அறிந்தே செய்த குற்றம் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

இப்படிப்பட்டவனுக்கு வழக்கறிஞர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பொறுப்புள்ள மனிதன் என்று கருதுவதால்தான் அவன்மேல் குற்றம் சாட்டப்படுகிறது. அப்படியானால் அவன் பதிலையும் கேட்டாக வேண்டும். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்பு அந்த உரிமையைத் தருகிறது. 185ஆம் பிரிவில் கைதானவருக்கு 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடந்ததா, அளவு முறையாகப் பதிவானதா என்று பார்ப்பது வழக்கறிஞரின் வேலை. காவலில் இருப்பவர், வருமானம் எதுவானாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கட்டணமின்றி வழக்கறிஞர் கேட்கலாம்.

அதே கதவு பாதிக்கப்பட்டவர்களுக்கும் திறந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. இறந்தவரின் குடும்பத்தில் பெண்களும் குழந்தைகளும் இலவச உதவி பெற்று, தாங்கள் வசிக்கும் பகுதியின் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்திலேயே இழப்பீட்டு மனு கொடுக்கலாம். ஓட்டியவன்மீது நடக்கும் குற்ற வழக்கு முடியும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை.