மீனும் ஆமையும் பறவையும்: தீக்கை உவமை விளக்கம்

திருச்சிற்றம்பலம்



ஞானாசிரியன் மாணாக்கனுக்குச் செய்யும் தீக்கை எழுவகைத்து என்பது சிவஞான சித்தியார் சுபக்கத்து எட்டாஞ் சூத்திரம் கற்றார் யாவரும் அறிந்ததே. நயனம், பரிசம், வாசகம், மானதம், சாத்திரம், யோகம், ஔத்திரி என்பன அவை. இவற்றுள் நயனம், பரிசம், மானதம் என்னும் மூன்றனையும் விளக்கப் புகும் பெரியோர், மீன் தன் முட்டையைப் பார்வையாற் பொரிக்கும், பறவை தீண்டலாற் பொரிக்கும், ஆமை நினைவாற் பொரிக்கும் என்று மூன்று உவமை கூறுதல் வழிவழி வந்த மரபு. நம் மடங்களிற் பாடங் கேட்டார் செவியில் இவ்வுவமை ஒருகாலேனும் விழுந்திருக்கும்.

இக்காலத்து உயிர்நூல் பயின்ற இளைஞர் இதனைக் கேட்டு, “மீன் பார்வையாற் பொரிக்கும் என்பது மெய்யன்று, ஆமை முட்டையிட்டு மணலால் மூடிச் சென்றபின் திரும்பியும் பாராது. உவமை பொய்யாயின் அதனால் விளக்கப்பட்ட தீக்கையும் பொய்யாதல் வேண்டுமன்றோ?” என்று வினவுகின்றனர். இவ்வினாவிற்குச் சினந்தெழுதல் விடையாகாது. வாளா இருத்தலும் விடையாகாது. நம் பிள்ளைகள் இவ்வொரு வாயிலின் வழியே சாத்திரத்தை விட்டு நீங்குவராயின் அப்பழி கற்பிப்பார் மேலதே. ஆகலின் இதனை ஈண்டு ஆராய்வாம்.

உவமை எல்லாம் ஒருபுடை ஒப்புமை பற்றியே வரும். முகத்தைத் திங்கள் என்றார்க்குத் திங்களின் தேய்வும் களங்கமும் முகத்திற் கொள்ளக் கருத்தின்று. அதுபோல, நோக்கானும் தீண்டலானும் நினைவானும் அருள் பதிதல் கூடும் என்பதே ஆசிரியர் கருத்து. மீனும் ஆமையும் கருவுயிர்க்கும் முறையை நிறுவுதல் அவர் கருத்தன்று. இஃது ஒரு விடை.

அற்றேல், இவ்வளவில் அமையுமோ எனின், அமையாது. என்னை? மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்தை மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் முறையான் அமைத்தருளினார். எடுத்துக்காட்டு என்பது சொல்வானும் கேட்பானும் ஒருங்கே உடன்பட்ட பொருளாதல் வேண்டும். கேட்பான் கண்கூடாக மறுக்கும் ஒன்றைக் காட்டின் அஃது எடுத்துக்காட்டுப் போலியாய் முடியும். அன்றியும், காட்சி, கருதல், உரை என்னும் அளவைகளுள் மீன் முட்டை பொரிக்குமாறு காட்சிக்கு உரியது. காட்சிக்கு உரியதனை உரையால் நிறுவப் புகுதல் அளவை நெறியன்று. ஆதலின் அவ்வுயிர்களின் இயல்பை உள்ளவாறு அறிதல் சைவ ஆசிரியனுக்கும் கடனாயிற்று. அங்ஙனம் அறியப்புகின் உவமை அழியாது முன்னையினும் ஒளி பெறுதல் காணலாம்.

மூன்றுயிரையும் நினைத்தற்கு நெடுந்தூரம் செல்ல வேண்டா. வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தோன்றிப் பேரூரைத் தொட்டுத் திருப்பூரின் ஊடே சென்று காவிரியிற் கலப்பது நொய்யல். அதன் வடிநிலத்தே, நல்லாற்று நீர் வந்து சேரும் நஞ்சராயன் குளம் உள்ளது. சுக்கிரீவன் பூசித்ததாகத் தலவரலாறு கூறும் சுக்கிரீசுவரர் திருக்கோயில் விளங்கும் சர்க்கார் பெரியபாளையத்திற்கு அணித்தே இருப்பது இது. பல நூற்றாண்டுகளின் முன் நஞ்சராயன் என்னும் அரசன் சீர்செய்தமையால் இப்பெயர் பெற்றது என்ப. ஏறத்தாழ 126 எக்டேர் பரப்புடைய இக்குளம் 2022 ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாகவும், 2024 ஆம் ஆண்டில் உலக நாடுகள் போற்றும் இராம்சார் ஈரநிலங்களுள் ஒன்றாகவும் அறிவிக்கப்பட்டது. 191 வகைப் பறவையும் 21 வகை ஊர்வனவும் இங்குக் கணக்கிடப்பட்டுள்ளன. பனிக்காலத்தே இங்கு வந்து தங்குவனவற்றுள் வரித்தலை வாத்து ஒன்று. திபெத்து, மங்கோலியா நாட்டு ஏரிகளிற் குஞ்சு பொரித்து, இமயத்தைக் கடந்து தென்னாடு வரும் இப்பறவை, 7,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திற் பறத்தலைக் கருவிகொண்டு அளந்துள்ளனர். மூச்சு முட்டும் அவ்வுயரத்தில் உயிர்வளியை இறுகப் பற்றும் குருதி அதற்கு வாய்த்துள்ளது. கயிலை சூழ்ந்த நாட்டினின்றும் வரும் இவ்வடியாரைத் திருப்பூர்வாசிகளிற் பலர் அறியார்.

இனி மீனின் இயல்பு காண்பாம். மீன்களிற் பெரும்பாலன முட்டையை நீரிற் சிதறிவிட்டு நீங்குவனவே. ஆயின் நம் குளத்து விரால் அத்தகையதன்று. குஞ்சு பொரித்தபின் செந்நிறக் குஞ்சுகள் திரளாய் நீர்மேல் மேயத் தாய் தந்தையர் அத்திரளின்கீழே உடன் திரிந்து, நெருங்கும் பகையை எதிர்த்துத் துரத்தும். நாட்டுப்புறத்தார் நன்கறிந்த காட்சி இது. பார்வையாற் பொரித்தல் இல்லையாயினும், பொரித்ததனைப் பார்வையாற் காத்தல் உண்டு. நயன தீக்கையும் கண் இமைப்பொழுதில் முடிந்துவிடுவதோ? நோக்கிய ஆசிரியன் நோக்கு மாணாக்கனை விட்டு நீங்காது உடன் நிற்றலே அதன் பயன். ஆகலின் இவ்வுண்மை பழைய உவமையினும் சிறந்து நிற்கின்றது.

இன்னும் ஒன்று. ஆப்பிரிக்காவைத் தாயகமாக உடையதாய், 1952 இல் நம் நாட்டிற்குக் கொணரப்பட்டு, இன்று நம் குளங்களிற் பரவிய சிலேபி என்னும் மீன், இட்ட முட்டைகளை வாயிலே கவர்ந்துகொள்ளும். பொரித்த பின்னும் சில நாள் குஞ்சுகள் தாய் வாயிலேயே வாழும். வெளிவந்து திரியுங்கால் அச்சம் நேரின் மீண்டும் அவ்வாயுட் புகும். அந்நாட்களில் தாய் பெரும்பாலும் இரை கொள்ளாது. முதலையும் இத்தகையதே. மணலுட் புதைத்த முட்டையினின்று குஞ்சுகள் ஒலி எழுப்பத் தாய் வந்து மணலை அகழ்ந்து, எருமையையும் வீழ்த்தவல்ல தன் வாயிலே அவற்றை மெல்லென ஏந்தி நீரிற் கொண்டுபோய் விடும். திருப்புக்கொளியூர் அவிநாசியில் முதலை விழுங்கிய மதலையைச் சுந்தரமூர்த்தி நாயனார் திருப்பதிகம் பாடி மீட்டருளியது இறைவன் திருவருள். அதற்கு உலகியற் காரணம் தேடுதல் வேண்டா. எனினும் விழுங்கும் வாயே தாங்கும் வாயுமாதலை இயற்கையிலும் காண்கின்றோம். மறைத்தலும் அருளலும் ஒரு முதல்வன் தொழில் என்னும் நம் கொள்கைக்கு இஃதோர் எடுத்துக்காட்டாதல் உய்த்துணர்க.

அடுத்து ஆமை. குளத்தாமையினும் கடலாமையின் இயல்பே மிகுதியும் ஆராயப்பட்டுள்ளது. சென்னை, நாகப்பட்டினம் முதலிய கரைகளில் பங்குனியாமை இரவிலே கரையேறி, அலை எட்டாத இடந் தேர்ந்து குழியகழ்ந்து, நூறு முட்டையளவு இட்டு மூடிச் செல்லும். பின் மீள்வதில்லை. 45 முதல் 60 நாட்களில் மணலின் வெம்மையாற் குஞ்சுகள் வெளிப்படும். அவ்வெம்மை கதிரவனது, கதிரவன் இறைவனுடைய எட்டு மூர்த்தங்களுள் ஒன்று. தாய் செய்தது இடந் தேர்ந்து ஒப்புவித்ததே. ஆசிரியனும் மாணாக்கனைத் திருவருளுக்கு ஒப்புவிப்பவனேயன்றி வேறல்லன்.

இதனினும் வியப்பு இரண்டுண்டு. மணலின் வெம்மை மிகின் குஞ்சுகள் பெண்ணாகவும், குறையின் ஆணாகவும் பிறக்கின்றன. ஆண் பெண் என்னும் வேறுபாடு உடம்பின் மேலதே, உயிர்க்கு அஃதில்லை என்று நம் நூல்கள் கூறுவதனை இது நினைப்பிக்கின்றது. மற்றொன்று: கடல் புகுந்த பெண்குஞ்சு பல்லாண்டு கடந்து, நிலவுலகின் காந்த ஆற்றலை உணர்ந்து, தான் பிறந்த கரையை நாடி முட்டையிட வரும். தாய் நினைவாற் பொரிக்கும் என்றனர் முன்னோர். நினைவு சேயிடத்தே பதிந்திருத்தலை இன்று காண்கின்றோம். மானத தீக்கையின் பயனும் அதுவே. ஆசிரியன் நினைந்தது மாணாக்கன் உள்ளத்தே நினைவாய் நின்று, எத்துணைத் தொலைவு அலையினும் அவனைப் பிறப்பிடத்திற்குத் திருப்புதல் வேண்டும்.

மூன்றாவது பறவை. தீண்டலாற் பொரித்தல் முழுதும் மெய்யே. அடைகாக்கும் பறவைகளிற் பல, வயிற்றின் ஒருபால் இறகை உதிர்த்துத் தோலை வெறுமையாக்கி, குருதியின் வெம்மையை இடையீடின்றி முட்டைக்கு ஊட்டும். இடையில் நிற்கும் தன் ஆடையை அது களைந்துகொள்ளுகின்றது. நம் குளங்களிற் காணும் நீர்க்காகமும் கூழைக்கடாவும் அங்ஙனம் செய்வனவல்ல. அவை சவ்வொட்டிய தம் பாதத்தாலேயே முட்டையை வெதுப்பும். திருநல்லூரில் அப்பர் சுவாமிகள் முடிமேல் இறைவன் திருவடி சூட்டியருளிய வரலாறு கேட்ட நமக்கு இச்செய்தி உள்ளம் உருக்குவதாம். இனி, பொரிக்கும் நாள் அணுகுங்காற் கோழிக்குஞ்சு ஓட்டினுள்ளிருந்தே குரல் கொடுக்கும். தாய் வெளியிலிருந்து மறுமொழி கூறும். வாசக தீக்கைக்கு இதனினும் பொருந்திய எடுத்துக்காட்டு யாதுளது?

முட்டையின் உண்மை நம் சித்தாந்தத்தின் உயிர்நிலையையே தொடுகின்றது. தாயின் வெம்மை உயிரைப் புதிதாகப் படைப்பதன்று. கூழாங்கல்லை வைத்து அடைகாப்பின் குஞ்சு வாராது. கருவில்லாத முட்டையும் கெடும். உள்ளது வெளிப்படுவதே சற்காரியம். முட்டை பக்குவமுறாத முன் ஓட்டை உடைப்பின் கரு சாம். மலபரிபாகம் வாராமுன் ஞானம் பதியாமை இதனால் விளங்கும். ஓட்டை உடைத்தற்குக் குஞ்சின் அலகு நுனியில் முட்டைப்பல் என்னும் சிறு கூர் தோன்றும். ஆமைக்குஞ்சிற்கும் முதலைக்குஞ்சிற்கும் இத்தகைய கூர் உண்டு. ஓடு உடைந்து சில நாளில் அது மறையும். பின் ஒருகாலும் வேண்டப்படாது. ஆணவ ஓட்டை நெகிழ்த்தற்பொருட்டு மாயையினின்று தனு கரணங்களை இறைவன் தந்து, பயன் முடிந்தபின் அவற்றை நீக்குதலும் இவ்வாறே.

அஃதேல், ஓட்டை உடைப்பது குஞ்சேயாகலின், உயிர் தன் முயற்சியானே வீடு பெறும் என்றாகாதோ எனின், ஆகாது. உடைக்கும் கருவியும், கருவியை வளர்த்த வெம்மையும், உடைத்தற்கு ஏற்ற காலமும் குஞ்சு ஆக்கிக்கொண்டன அல்ல. தரப்பட்டதனைக் கொண்டு செய்தலே அதன் செயல். உயிரின் அறிவும் செயலும் முதல்வன் உணர்த்தவும் இயக்கவும் நிகழ்வன என்னும் கொள்கைக்கு இதனால் இழுக்கின்மை அறிக.

இவை உவமை பற்றியன. இவ்வுயிர்கள்பால் நம் கடன் என்னை என்பதும் ஈண்டு உரைத்தற்பாலது. திருப்பூர் பனியன் தொழிலாற் பல்லாயிரங் குடிகள் உண்டு உடுத்து வாழ்கின்றன; நம் திருப்பணிகளும் நடைபெறுகின்றன. ஆயின் அத்தொழிலின் சாயக்கழிவு நொய்யலை நிறம் மாற்றிற்று. பாசனத்திற்கென்று 1992 இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாய், அந்நீர் வேண்டா என்று உழவரே மறுக்கும் நிலை எய்திற்று. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவுநீர் சிறிதும் வெளிவிடாமை என்னும் நெறியை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. அதன்பின் நீரைத் தூய்மை செய்து மீளப் பயன்கொள்ளும் முறை பரவிற்றெனினும், காவல் தளரின் பழைய கேடு மீளும்.

நீர் இறைவனுடைய எட்டு மூர்த்தங்களுள் ஒன்று. காலையில் இலிங்கத் திருமேனிக்கு நீராட்டி, மாலையில் அவன் நீர்வடிவிற் சாயம் ஊற்றுதல் பூசையாகுமோ? முட்டையுள் உறங்கும் உயிரும் மலத்தாற் கட்டுண்டு, அருளை நோக்கி நிற்கும் பசுவே. நாமும் அவ்வரிசையில் நின்று ஏறி வந்தேமே. ஆலைத்தலைவராகிய அன்பர்கள் கழிவுநீர்த் தூய்மையையும் கோபுரத் திருப்பணியோடு ஒத்த சிவப்பணியாகக் கொள்வாராக. மடங்களில் தீக்கைப் படலம் கற்பிக்கும் ஆசிரியன்மார் தை மாதத்தில் ஒருநாள் மாணாக்கரை நஞ்சராயன் குளக்கரைக்கு அழைத்துச் சென்று, மீனையும் பறவையையும் காட்டிப் பாடஞ் சொல்வாராக. பார்வையாற் பொரிக்கும் என்று கூறிய பழையோரை இகழவும் வேண்டா. அதனை அவ்வாறே கூறிக் கேட்பாரை இழக்கவும் வேண்டா. பெரியோர் உவமையின் ஒப்புமைப் பகுதியைப் பொன்போற் போற்றிக் காட்சியால் தெளிந்ததனை அதனோடு சேர்த்துக் கூறுவோமாயின், வினவிய இளைஞரே நமக்கு நன்மாணாக்கராவர். அவர் கண்டறிய அம்மீனும் ஆமையும் பறவையும் நீரில் உயிரோடு இருத்தலும் வேண்டும்.

சிவம்.

திருச்சிற்றம்பலம்