கேட்க வைக்காதீர்கள்

புதிய கல்வியாண்டின் கால அட்டவணையில் கையெழுத்திடப் போகிறீர்களா, துறைத் தலைவர்களே? ஒரு நிமிடம் பொறுங்கள். இந்த ஆண்டு உங்கள் துறையில் சேர்ந்தவர்களில் சக்கர நாற்காலியில் வருபவர் யார், பார்வையற்றவர் யார், காது கேளாதவர் யார்? சேர்க்கை விண்ணப்பத்தில் அவர்கள் ஏற்கெனவே எழுதித் தந்திருக்கிறார்கள். எடுத்துப் படியுங்கள். லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கும் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்ற இன்று ஒரு பேனாக் கோடு போதும். ஒரு மாதம் கழித்து அந்த மாணவி மனு எழுதி, அதைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்து, "என்னால் எல்லாருக்கும் சிரமம்" என்று கூசி நிற்கும்படி விடாதீர்கள்.

கேட்டால் கொடுக்கிறோமே என்று பெருமைப்படும் கல்லூரிகள் பல. கேட்பவர் படும் பாட்டை அறிந்துதான் வள்ளுவர் இரவச்சத்துக்கென்று ஓர் அதிகாரமே வைத்தார். இல்லாதவர் இரப்பதற்கே மனம் அவ்வளவு கூசும் என்றால், தனக்கு உரியதையே ஒவ்வொரு செமஸ்டரும் புதிதாக இரக்க வேண்டியவர் மனம் என்ன பாடுபடும்?

உரியது என்று சொல்வது சட்டம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காடு இடம் ஒதுக்கச் சொல்கிறது. இடம் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று பலர் இங்கேயே நின்றுவிடுகிறோம். சட்டம் நிற்கவில்லை. ஒருவருக்குத் தேவையான நியாயமான வசதியைச் செய்துதர மறுத்தால் அதுவே பாகுபாடு என்று அது சொல்கிறது. அந்தப் பட்டியலில் ஹீமோபீலியா உண்டு, தலசீமியா உண்டு, டிஸ்லெக்சியா உண்டு, மனநோயும் உண்டு. ஆகவே "நல்லாத்தானே நடந்து வர்றான், இவனுக்கு என்ன?" என்று வகுப்பில் யாரும் இனிக் கேட்க வேண்டாம்.

ஆசிரியர்களே, உங்களுக்குச் செலவே இல்லாத வேலைகள் சில உண்டு. பாடக் குறிப்பை ஜெராக்ஸ் எடுத்து, அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். படத்தில் இருக்கும் எழுத்தை மற்றவர் கண்ணால் படித்துவிடுவார்கள். திரையில் உள்ள எழுத்தை ஒலியாக்கும் திரைவாசிப்பானை நம்பிப் படிக்கும் மாணவருக்கு அது பெரும்பாலும் ஊமைத்தாள். தமிழ்த்துறையினர் இன்னும் கூடுதலாகக் கவனியுங்கள்: பழைய எழுத்துருவில் அடித்த கோப்பைத் திரைவாசிப்பான் பொருளற்ற ஒலியாகத்தான் வாசிக்கும். யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்புங்கள். என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது. நூலகக் கணினிகளில் நாளைக்கே ஏற்றலாம். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தாதீர்கள். உங்கள் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்பவர் முன்வரிசையில் இருக்கலாம்.

தேர்வில் காட்டும் அலட்சியம் இன்னும் கொடியது. எழுத முடியாதவருக்கு, சொல்வதை எழுதுபவர் உண்டு. மணிக்கு 20 நிமிடமாவது கூடுதல் நேரம் உண்டு. அந்த எழுதுபவரைத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே சந்தித்துப் பார்க்கவும் இடம் உண்டு. இவை மத்திய அரசின் 2018 வழிகாட்டு நெறி சொன்னவை. தேர்வன்று காலை, பாடத்தின் பெயரையே திக்கித் திக்கி வாசிக்கும் ஒருவரைப் பிடித்து உட்கார வைப்பது அந்த நெறியை ஏமாற்றுவதாகும். 2021இல் எழுதுதல் குறைபாடுள்ள ஒரு மாணவிக்கு நீட் தேர்வில் உரிய ஒரு மணி நேரம் மறுக்கப்பட்டது. மற்றவர்களோடு சேர்த்து அவரிடமும் விடைத்தாளை வாங்கிவிட்டார்கள். அந்த ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவருக்கு அநீதி நடந்தது என்றே சொன்னது. ஆனால் மறுதேர்வு வைக்க உத்தரவிடவில்லை. அறையில் இருந்தவர்கள் விதியைத் தெரிந்து வைத்திருந்தால் வழக்கே வந்திராது. கண்காணிப்பாளர்களே, விதியைப் படிக்காமல் தேர்வு அறைக்குள் நுழையாதீர்கள்.

முதல்வர்களே, சாய்தளம் கட்டினோம் என்று புகைப்படம் எடுக்குமுன் அளந்து பாருங்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். நீளம் குறைந்தால் சக்கர நாற்காலி பின்னால் சரியக்கூடும். கழிப்பறைக் கதவின் அகலத்தையும் அளந்து பாருங்கள். நாற்காலி நுழையாத கழிப்பறைக்குப் பயந்து, காலையிலிருந்து மாலைவரை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் பாடம் கேட்கும் பெண்கள் இருக்கிறார்கள். இதை அறிந்த பிறகும் நிதி வரட்டும் என்று காத்திருப்பது பாவம்.

மாணவர்களே, சாய்தளத்தின் குறுக்கே பைக்கை நிறுத்தாதீர்கள். பார்வையற்ற நண்பரின் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையை அவர் பற்றிக்கொள்ளட்டும். கல்லூரிச் சுற்றுலாவுக்கு "உன்னால முடியாதே" என்று நீங்களே தீர்மானித்து விட்டுவிடாதீர்கள். முடியுமா என்பதை அவர் சொல்வார். ஜூனியரின் தேர்வுக்கு எழுதித்தர ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். அவரை வைத்து உருக்கமான வீடியோ எடுக்காதீர்கள்.

மாற்றுத்திறனாளித் தோழர்களே, நிர்வாகம் தூங்கினால் நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். தலை நிமிர்ந்து கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், நகலில் தேதியோடு ஒப்புகை வாங்கி வையுங்கள். அடுத்து வரும் தம்பி தங்கைக்கும் அந்தத் தாள் உதவும்.

ஆனால் அந்த நிலைமைக்கு அவர்களைத் தள்ளாமலிருப்பது நம் பொறுப்பு. இந்த வாரமே அந்த மாணவர்களை அழைத்துக்கொண்டு வளாகத்தைச் சுற்றி வாருங்கள். எங்கே தடை என்று அவர்கள் காட்டட்டும், நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரையும் கெடு நாளையும் அங்கேயே எழுதுங்கள். வகுப்பு தொடங்குமுன் அறை எண்ணும் தேர்வு ஏற்பாடும், அவர்கள் கேட்காமலே, அவர்கள் கைபேசிக்குப் போய்ச் சேர்ந்திருக்கட்டும்.