கேட்கப்படாத வேர்

பழவேற்காட்டு ஏரிக்கரையிலுள்ள கோட்டைக்குப்பத்தில் நீரை அறியாமல் வலையை எடுப்பவர் இல்லை. மழைக்காலத்தில் ஆற்றுநீர் புகுந்து ஏரியின் உவர்ப்புக் குறையும், கோடையில் மிகும். நீருக்கேற்ப மீன் மாறும்; மீனுக்கேற்ப வலை மாறும். ஆனால் அதே கரையில், மணலும் உவரும் கலந்த முற்றத்தில் நட மாங்கன்று வாங்கும்போது நாம் கேட்பது ஒன்றுதான்: "பங்கனப்பள்ளியா, அல்போன்சாவா?" அது எந்த வேரின்மேல் நிற்கிறது என்று கேட்பதில்லை.

ஒட்டுக்கன்றில் இரு செடிகள் வாழ்கின்றன. கொட்டையிலிருந்து முளைத்த வேர்ச்செடி கீழே; விரும்பிய மரத்தின் குச்சி மேலே. பட்டைக்கு அடியிலுள்ள பசும்படலங்கள் பொருந்திவிட்டால் இரண்டும் ஒரே மரமாய் வளரும். எனினும் கனியின் இனத்தைத் தருவது குச்சி. மண்ணின் உப்பை எதிர்கொள்வது வேர். மா இயல்பாகவே உப்புக்கு அஞ்சும் மரம். உவர் மிகுந்தால் இலை நுனி கருகும். கேரளத்துக் குருக்கனும், இஸ்ரேலில் தெரிந்தெடுக்கப்பட்ட 13-1 என்னும் வகையும் உவரை ஓரளவு தாங்கும் வேர்ச்செடிகள். அவற்றின் ஒரே கொட்டையில் பல முளைகள் எழும். பெரும்பாலானவை தாயை ஒத்தவை. ஆகவே அவற்றின் குணத்தை நம்பலாம். நம் நாட்டு இரகங்களுள் பலவற்றின் கொட்டையோ ஒரு முளையே தரும். கன்றுக்குக் கன்று குணம் வேறுபடும். கிடைத்த கொட்டைகளையெல்லாம் முளைக்கவைத்து ஒட்டினால், மேலே ஒரே பெயர். அடியில் வெவ்வேறு வேர்.

இங்கேதான் அறத்தின் கேள்வி எழுகிறது. இரகத்தின் பெயரைச் சரியாகச் சொல்லி விற்றவர் பொய் சொல்லவில்லை. வாங்கியவரும் வேரைப் பற்றிக் கேட்கவில்லை. ஆயினும், சில கோடைகளுக்குப்பின் மரம் கருகினால், இழப்பு முழுவதும் கேட்கத் தெரியாதவருடையது. கேட்ட கேள்விக்கு உண்மை உரைப்பதோடு நேர்மை நிறைவுறுகிறதா? இல்லை என்றே நாம் கருதுகிறோம். அறிந்தவர் அறியாதவருக்குக் கடன்பட்டிருக்கிறார். தேர்ந்த வேர்ச்செடி வளர்க்கச் செலவு மிகும் என்பது மெய்தான். சிறிய நாற்றுப்பண்ணையால் அது இயலாமலும் போகலாம். ஆனால், "எந்த மண்ணில் நடப்போகிறீர்கள்?" என்று கேட்கச் செலவு ஏதுமில்லை. அந்தக் கேள்வியால் ஒரு விற்பனை நழுவக்கூடும். நேர்மையின் விலை அதுவே.

புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 11-ஆம் அதிகாரத்தில், ஒட்டப்பட்ட ஒலிவக் கிளை பெருமை பாராட்டலாகாது என்கிறார். கிளையைத் தாங்குவது வேர் என்பதே காரணம். இதை நாம் வாசிக்கிறோம். வீடு திரும்பியதும் மறக்கிறோம். பிள்ளைக்குப் படிப்பைத் தேர்கையிலும், மகளுக்கு வரன் பார்க்கையிலும், ஏழையின் ஊருக்கு நலத்திட்டம் கொணர்கையிலும் கனியின் பெயரைச் சொல்லி மகிழ்கிறோம். அது எந்த மண்ணில் நிற்கப்போகிறது என்று, அங்கே நிற்கப்போகிறவரிடமே கேட்டோமா? கோட்டைக்குப்பத்து மீனவர் தம் வலையை இறக்குமுன் நீரைக் கேட்கிறார். பிறர் வாழ்வில் கை வைக்குமுன் நாமும் அவ்வளவேனும் கேட்போம்.