மாற்றுரை கேட்டல்



சில திங்களுக்கு முன் ஆலய மண்டபத்தில், இல்லத்தில் விலங்கு வளர்ப்போர் சிலர் கூடியிருந்தோம். பேச்சு பூனையின் உணவைப் பற்றித் திரும்பிற்று. பாலும் தயிர்ச்சோறும் போதும், புலால் நம் வாயிலைத் தாண்டலாகாது என்றார் ஒரு பெரியவர். அனைவரும் தலையசைத்தோம். அப்போது இளம்பெண் ஒருத்தி எழுந்து, "பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். பூனைக்கு அது போதாதாம். என் பூனைக்குக் கண் மங்கிவிட்டது, மருத்துவர் உணவையே காரணமாகக் கூறினார்" என்றாள். உடனே பல குரல்கள் எழுந்தன. அகிம்சை அறியாதவள் என்றார் ஒருவர். வளர்க்கத் தெரியாதவள் என்றார் மற்றொருவர். யாமும், "உட்கார் அம்மா" என்றோம். மாணவரைப் பேச விடுங்கள் என்று பல்லாண்டு ஆசிரியப் பயிற்சியில் போதித்த வாய் அது!

இல்லம் திரும்பியபின் உறக்கம் வரவில்லை. நூல்களைத் தேடிப் படித்தோம். டாரின் என்னும் சத்து புலாலில் உண்டு. தாவர உணவில் இல்லை என்றே கூறலாம். பாலில் மிகச் சிறிதே. நாய் அதனைத் தன் உடலிலேயே ஆக்கிக்கொள்ளும். பூனையால் போதிய அளவு ஆக்க இயலாது. அது குறைந்தால் பூனையின் விழித்திரை கெடும் என 1975-லும், இதயம் விரிந்து தளரும் என 1987-லும் ஆய்வாளர் வெளியிட்டுள்ளனர்.

"எங்கள் பூனை தயிர்ச்சோறுண்டு பன்னிரண்டாண்டு வாழ்ந்ததே" என்று அன்று சான்று கூறினோரும் பொய் கூறவில்லை. ஆயின் இரவில் அது நெற்குதிரின் அருகே பிடித்த எலிகளை எவர் கணக்கிட்டார்? அப்பெண் வசிப்பதோ நான்காம் மாடியில். கதவடைத்த அவ்வீட்டில் எலி ஏது?

அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கூறும். கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைப்பாரம் ஏற்றுதல், ஐந்தாவதாக உணவும் நீரும் தடுத்தல். வயிறு நிறையச் சோறிட்டு உயிருக்கு வேண்டியதை மறுப்பதும் இதில் அடங்கும் என்பது எம் கருத்து. கற்றோர் மறுப்பின் கேட்போம்.

புலால் வாங்கச் சொல்கிறோம் என எவரும் கருதற்க. அதற்காக வேறோர் உயிர் மாள்வதும் உண்மையன்றோ? டாரின் செயற்கையாகவும் ஆக்கப்படுகிறது. அது சேர்ந்த தாவர உணவு தம் பூனைக்கு ஏற்குமா என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்க வேண்டும், தாமாக முயலலாகாது. இவை எதற்கும் மனம் ஒப்பாதவர் பூனையை ஏற்காதிருப்பதே நன்று. முயல் வளர்க்கலாம், புல் தின்னும்.

அநேகாந்தத்தை விளக்க யானையைத் தடவிய குருடர் கதையை வகுப்பில் எத்தனை முறை கூறியிருப்போம்! அன்று மண்டபத்தில் நாம் அனைவரும் ஒரே காலைப் பற்றிக்கொண்டு நின்றோம். வேறிடத்தைத் தொட்டவளைப் பேச விடவில்லை.

சுவேதாம்பர ஆகமமாகிய உபாசகதசாங்கத்தில் ஆனந்தன் என்னும் இல்லறத்தான் வருகிறான். தான் பெற்ற அவதிஞானத்தின் எல்லையை அவன் கூற, தலைமைக் கணதரராகிய கௌதமர், இல்லறத்தார்க்கு அத்துணை கைகூடாது என மறுத்தார். ஆனந்தன் பணிவோடு தன் கூற்றில் நின்றான். பகவான் மகாவீரரோ, அவன் கூறியதே மெய் என்று, கௌதமரையே அவனிடம் பொறுத்தருள வேண்டுமாறு பணித்தார். அவரும் சென்று வேண்டினார்.

க்ஷமாவணி நாளுக்குக் காத்திராமல் யாமும் அப்பெண்ணின் இல்லம் சென்று வந்தோம். அடுத்த கூட்டத்தில் அவளே முதலில் பேசுவாள். மறுப்போர் அவள் முடித்தபின் மறுக்கலாம்.